இந்தியாவின் மீள்பயன்பாட்டு ஏவுகலச் சோதனைகள்

மீள்பயன்பாட்டு ஏவுகலச் செயல்விளக்கி (ஆர்எல்வி-டிடி) என்பது, விண்வெளிக்குச் சென்று திரும்பி மீண்டும் பயன்படக்கூடிய ஏவுகலத்துக்கான தொழில்நுட்பங்களைச் சோதிப்பதற்காக இந்திய விண்வெளி ஆய்வு மையம் உருவாக்கிய, இறக்கைகள் கொண்ட ஆளில்லாக் கலம் ஆகும். இதன் முதற் பறப்பு 2016 இல் நடைபெற்றது. தரையிறங்கும் சோதனைகள் 2023 இலும் 2024 இலும் நடத்தப்பட்டன.

பின்னணி

வட சென்னையின் எண்ணூருக்கு வடக்கே, பழவேற்காடு ஏரியை வங்காள விரிகுடாவில் இருந்து பிரிக்கும் தீவில், ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அமைந்துள்ளது. இங்கிருந்து ஏவப்படும் ஏவூர்திகளின் எரிந்து தீர்ந்த கீழ்ப்பகுதிகள் கடலில் விழுந்து வீணாகின்றன. ஒவ்வொரு பயணத்துக்கும் புதிய ஏவூர்தி தேவைப்படுவது செலவு மிகுவதற்கு முக்கிய காரணமாகும். ஏவுகலத்தை மீட்டுப் பயன்படுத்துவதே இதற்குத் தீர்வாகக் கருதப்படுகிறது.

முதற் பறப்பு

2016 மே 23 அன்று காலை 7 மணிக்கு, 1.75 டன் எடையுள்ள கலம் ஒரு திண்ம எரிபொருள் உந்தியின் மீது ஏவப்பட்டது. உந்தியில் இருந்து பிரிந்த பின் அது ஏறத்தாழ 65 கி.மீ உயரத்தை எட்டியது. பின்னர் ஒலியைப் போல் சுமார் 5 மடங்கு வேகத்தில் வளிமண்டலத்தினுள் இறங்கியது. வெப்பக் காப்பும் தானியங்கி வழிநடத்தலும் இவ்வாறு சோதிக்கப்பட்டன. 770 வினாடிகள் நீடித்த இப்பறப்பு, ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து ஏறத்தாழ 450 கி.மீ தொலைவில் கடலின் மேல் முடிவுற்றது. கலத்தை மீட்பது இச்சோதனையின் நோக்கமன்று.

தரையிறங்கும் சோதனைகள்

அடுத்த கட்டமாக, தரையிறக்கம் மட்டும் தனியே சோதிக்கப்பட்டது. கர்நாடக மாநிலம் சித்திரதுர்காவில், இந்திய வான்படையின் சினூக் உலங்கு வானூர்தி கலத்தை 4.5 கி.மீ உயரத்துக்குத் தூக்கிச் சென்று விடுவித்தது. அமெரிக்காவும் தனது விண்ணோடத்தின் முன்மாதிரியான எண்டர்பிரைசை 1977 இல் போயிங் 747 வானூர்தியில் இருந்து விடுவித்து இவ்வாறே சோதித்தது.

* முதற் சோதனை: 2023 ஏப்ரல் 2. கலம் தானாகவே ஓடுதளத்தில் இறங்கியது.
* இரண்டாம் சோதனை: 2024 மார்ச் 22. ஓடுதள நேர்க்கோட்டில் இருந்து 150 மீட்டர் விலகி விடுவிக்கப்பட்ட கலம், தன் பாதையைத் தானே திருத்திக்கொண்டது.
* மூன்றாம் சோதனை: 2024 சூன் 23. விலகல் 500 மீட்டராக உயர்த்தப்பட்டது. காற்றும் கடுமையாக இருந்தது.

விடுவிக்கப்பட்ட கலம் எஞ்சின் உந்துதல் இன்றி மிதந்து இறங்குவதால், தவறினால் மேலெழுந்து மறுமுறை முயல இயலாது. மூன்றாம் சோதனையில் அது மணிக்கு 320 கி.மீ.க்கும் மேற்பட்ட வேகத்தில் தரை தொட்டது. பயணிகள் விமானம் சுமார் 260 கி.மீ வேகத்தில் இறங்குகிறது. தடைக் குடை விரிந்ததும் வேகம் ஏறத்தாழ 100 கி.மீ ஆகக் குறைந்தது.

முக்கியத்துவம்

இரண்டாம் சோதனையில் பறந்த கலமே மாற்றம் ஏதுமின்றி மூன்றாம் சோதனையிலும் பறந்தது. எனினும் சுற்றுப்பாதையில் இருந்து திரும்பும் கலம் ஒலியைப் போல் ஏறத்தாழ 25 மடங்கு வேகத்தில் வளிமண்டலத்தில் நுழைய வேண்டும். அவ்வெப்பத்தைத் தாங்கித் திரும்பிய கலம் மீண்டும் பறக்கத் தக்கதாக உள்ளதா என்பதை இச்சோதனைகள் காட்டவில்லை. அதற்குச் சுற்றுப்பாதை வரை சென்று திரும்பும் பறப்பு தேவை.