இரும்புக்கை மாயாவி சட்டைப் பொத்தானை எப்படிப் போட்டார்?

1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கம் ஐம்பதைத் தாண்டியவர்களில் பலர் கதையை இன்றும் மளமளவென்று சொல்வார்கள். ஆய்வுக்கூட விபத்தில் வலது கையை இழக்கிறார் லூயிஸ் கிராண்டேல். பதிலுக்கு இரும்புக்கை. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துபோவார், கை மட்டும் தெரியும்.

ஒரு தலைமுறையே கொண்டாடிய நாயகர் கை இழந்தவர். ஆனால் அவர் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டியதாகவோ, டீக்கடையில் நாலு பேர் அந்தக் கையையே வெறித்ததாகவோ ஒரு கட்டம்கூட எனக்கு நினைவில்லை. பத்திரிகைகளும் யோக்கியமில்லை. எங்கள் பக்கங்களில் மாற்றுத்திறனாளி சாதனையாளராக வருவார், இல்லையென்றால் உதவி கேட்டு வருவார். அவருடைய சாதாரணச் செவ்வாய்க்கிழமை செய்தியாவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமையைத்தான் அமெரிக்காவின் சீசீ பெல் வரைந்தார். நாலு வயதில் மூளைக்காய்ச்சலால் கேட்கும் திறனை இழந்தவர். 2014-இல் வந்த அவருடைய தன்வரலாற்றுப் படக்கதை ‘எல் டெஃபோ’வில் எல்லோரும் முயல்கள். சிறுமி சீசீயின் மார்பில் கட்டிய பெரிய காதுக் கருவி, ஆசிரியை கழுத்தில் மைக். ஆசிரியை கழிப்பறைக்குப் போனால் அந்தச் சத்தமும் வகுப்பில் உட்கார்ந்திருப்பவளுக்குக் கேட்டுவிடும்! கருவி இல்லாதபோது பேச்சு பலூன்கள் வெறுமையாக இருக்கும். பேட்டரி தீரத் தீர எழுத்து மங்கும். தப்பாகக் கேட்டது உளறலாகவே அச்சாகியிருக்கும். வாசகர் அந்த வெற்று பலூனைப் பார்த்து விழிக்கும் ஒரு நொடி, அவருக்கும் காது கேட்காது. பத்துப் பக்கம் எழுதினாலும் உரைநடைக்கு இது கைகூடுவது சிரமம்.

பார்வையற்றவருக்குக் காமிக்ஸ் ஏது என்று கேட்கலாம். 2013-இல் பிலிப் மேயர் செய்த ‘லைஃப்’பில் மையே கிடையாது. கதாபாத்திரங்கள் புடைத்த வட்டங்கள். விரலால் தடவிப் படிக்க வேண்டும்.

நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியா, கற்றல் குறைபாடு போன்றவை பார்த்தால் தெரியாது. “நல்லாத்தானே இருக்கே?” என்ற கேள்வியைச் சந்திப்பவர்களுக்குப் படம் கூடுதலாகவே உதவும்.

வரையத் தெரியாதே என்பவர்களுக்காகவே ஒரு வழி இருக்கிறது. கார்ட்டூனிஸ்ட் சரத் சர்மா தொடங்கிய வேர்ல்டு காமிக்ஸ் இந்தியா பரப்பிய ‘கிராஸ்ரூட்ஸ் காமிக்ஸ்’ முறை அது. இரண்டு ஏ4 தாள், நாலே கட்டம், கறுப்பு மை. ஜெராக்ஸ் எடுத்து ஊருக்குள் ஒட்டுவார்கள். கதை வரைபவருடையதாக இருக்க வேண்டும், ஊர் மக்கள் அடையாளம் காண்பதாக இருக்க வேண்டும்.

திருமங்கலத்துக்கு ஒன்று யோசித்துப் பார்க்கலாம். முதல் கட்டம்: காலில் காலிப்பருடன் ஒரு பெண், தூரத்தில் டவுன் பஸ். இரண்டு: பஸ் இருபதடி தள்ளிப் போய் நிற்கிறது. மூன்று: முழங்கால் உயரப் படி, மேலிருந்து ஒரு குரல், “சீக்கிரம் ஏறும்மா!” நாலு: அவருக்கான இருக்கையில் வேறொருவர் மும்முரமாக ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறார். டவுன் பஸ்ஸில் அவருக்குக் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் உண்டு, ஏற முடிந்தால். இந்தத் தாளை ஒட்ட நூலகச் சுவர் வேண்டாம். டிரைவரும் கண்டக்டரும் டீ குடிக்கும் கடைச் சுவரே சரியான இடம்.