சக்கரம் தரையைத் தொட்ட பிறகு

ஐரோப்பாவில் ஒரு புயல் கிளம்பினால் போதும், விமானங்கள் நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்து வந்து தரையிறங்கும் வீடியோக்கள் கைப்பேசிகளில் குவிந்துவிடும். 'நூலிழையில் தப்பிய விமானம்' என்று தலைப்பு வேறு. அந்த நண்டு நடையில் பயப்பட எதுவுமே இல்லை. குறுக்கே காற்றடித்தால் அப்படித்தான் வர வேண்டும். பயிற்சி மாணவருக்கே கற்றுத்தரும் பாடம் அது. உண்மையான ஆபத்து அதற்குச் சில வினாடிகள் கழித்து வருகிறது. அதில் அதிகம் மாட்டிக்கொள்பவை சிறிய விமானங்கள்.

உலகெங்கும் பயிற்சிப் பள்ளிகளில் பறக்கும் செஸ்னா 172-ஐ எடுத்துக்கொள்வோம். நான்கு இருக்கை; எடை ஒரு காரின் அளவுதான், ஆயிரத்துச் சொச்சம் கிலோ. இறங்க வரும்போது வேகம் மணிக்குச் சுமார் 120 கி.மீ. ஓடுபாதைக்குக் குறுக்கே 28 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், பாதை விலகாமல் வர, மூக்கைக் காற்றுப் பக்கம் 13 டிகிரிக்கு மேல் திருப்பி வைக்க வேண்டும். அதே காற்றில் 260 கி.மீ. வேகத்தில் வரும் ஜெட்டுக்கு 6 டிகிரி போதும்.

இந்த 28 கி.மீ., அதாவது 15 நாட், அந்த விமானத்தின் கையேட்டிலேயே இருக்கும் எண். பலர் அதை விமானத்தின் தாங்குதிறன் என்று நினைத்துவிடுகிறார்கள். சோதனை விமானி ஒருவர் அந்தக் காற்றில் இறக்கிக் காட்டினார் என்பதே அதன் பொருள். போன மாதம் உரிமம் வாங்கியவருக்கு அது எந்த உத்தரவாதமும் தருவதில்லை.

ஓடும் ஆற்றைக் கடக்கிற ஓடக்காரரை நினைத்துப் பாருங்கள். எதிர்த்துறைக்கு நேராகப் போக, ஓடத்தின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்த்துப் பிடித்தே துடுப்புப் போடுவார். நடு ஆற்றில் சிக்கல் இல்லை. கரை தட்டும் நேரம்தான் பொல்லாதது. முன்பகுதி மணலில் ஏறிவிட்டது. பின்பகுதி இன்னும் தண்ணீரில். நீர் பின்பகுதியை இழுக்க, மணலில் ஊன்றிய மூக்கையே அச்சாக வைத்து ஓடம் சுழல்கிறது. சுக்கானைத் திருப்பிப் பயனில்லை. ஓடம் நகர்ந்தால்தானே சுக்கான் கேட்கும்? கரை வந்துவிட்டதென்று எழுந்து நின்றவர் தண்ணீரில் விழுகிறார்.

விமானத்தில் மணலில் ஊன்றிய மூக்கு, சக்கரங்கள். நீர் இழுக்கும் பின்பகுதி, நிமிர்ந்து நிற்கும் வால். காற்று வாலைத் தள்ள, மூக்கு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கிறது. காற்றடிக்கும் பக்கத்து இறக்கையோ எழும்பப் பார்க்கிறது. அடக்குவதற்கு விமானியிடம் இருப்பவை வாலில் உள்ள சுக்கானும், இறக்கை நுனிகளில் உள்ள எய்லரான் பலகைகளும். இவற்றின் பிடி வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் 120-லிருந்து 60 ஆனால் பிடி கால் பங்காகிவிடும். குறுக்குக் காற்று மட்டும் அதே 28. சக்கரங்களையும் நம்ப முடியாது: இறக்கை இன்னும் எடையில் ஒரு பங்கைத் தாங்குவதால் டயர் தரையில் சரியாக அழுந்தாது, பிரேக் போட்டால் வழுக்கும்.

'இறங்கியாச்சு' என்று விமானி கையைத் தளர்த்துவதும் இந்த வினாடிகளில்தான். செய்ய வேண்டியது நேரெதிர். வேகம் குறையக் குறைய எய்லரானைக் காற்றுப் பக்கம் மேலும் மேலும் திருப்பி, கடைசியில் முழுக்கத் திருப்பியே வைத்திருக்க வேண்டும்.

காற்று விட்டு விட்டு வீசினால் இன்னும் மோசம். 120 கி.மீ. வேகத்தில் வரும்போது எதிர்க்காற்றில் 20 கி.மீ. சட்டென்று குறைந்தால், தூக்குவிசையில் 30 சதவீதம் போய்விடும். அதனால் வீச்சின் ஏற்றத்தாழ்வில் பாதியை இறங்கும் வேகத்தோடு கூட்டிக்கொள்வது வழக்கம். அதற்கு மேல் கூட்டினால் விமானம் ஓடுபாதைக்கு மேல் மிதந்துகொண்டே போகும்.

ஆரம்ப காலத்தில் புல்வெளிதான் விமானத் தளம். காற்று வரும் திசையைப் பார்த்து இறங்கிவிடலாம். தார்ப்பாதை வந்ததும் திசை நிலைத்துவிட்டது; குறுக்குக் காற்றைச் சமாளித்தே ஆக வேண்டும். 1940-ல் அமெரிக்காவில் வந்த எர்கூப் என்ற சிறு விமானத்தில் சுக்கான் மிதிகட்டையே கிடையாது. எடை மையம் பிரதான சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால், நண்டு நடையிலேயே தரை தொட்டு அது தானாக நேராகிவிடும். வால்சக்கர விமானங்களில் அந்த மையம் பின்னால். தொடங்கிய சுழற்சி தானாகவே பெருகும். இதை 'கிரவுண்ட் லூப்' என்பார்கள். ப்ரொப்பல்லர் வளையும், இறக்கை நுனி நசுங்கும், சக்கரக்கால் மடியும். உயிர்ச்சேதம் அரிது, ஆகவே செய்தியாவதும் அரிது.

பெரிய விமானமும் இந்த வினாடிகளுக்குத் தப்பாது. 2008 மார்ச் 1, எம்மா புயலன்று, ஹாம்பர்க்கில் இறங்கிய லுஃப்தான்சா ஏர்பஸ் ஏ320-இன் இடது இறக்கை நுனி தரையில் உரசியது. உலகம் சுற்றிய அந்த வீடியோவில் தெரியாத ஒன்று விசாரணை அறிக்கையில் இருக்கிறது. இடது சக்கரம் தொட்டவுடன், விமானம் தரைக்கு வந்துவிட்டதாகக் கணினி எடுத்துக்கொண்டு, சாய்வைத் திருத்தும் பலகைகளின் அசைவைப் பாதியாகக் குறைத்துவிட்டது. விமானிகள் உடனே மேலே ஏற்றினார்கள். அடுத்த முறை, காற்றுக்கு ஏறக்குறைய முகங்கொடுக்கும் 33-ஆம் ஓடுபாதையில் இறக்கினார்கள். உள்ளே இருந்த 137 பேரும் காயமின்றி இறங்கினார்கள்.