கொல்லிமலை ஏரிக்கரையில்

கொல்லிமலைக்குப் புறப்படுகிறவர்களுக்கு எல்லோரும் தவறாமல் சொல்லும் புத்திமதி ஒன்று உண்டு: "காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட வேண்டாம்." இதன் உட்பொருள் காரவள்ளியைத் தாண்டியதும் நமக்கு நன்றாக விளங்கிற்று. அங்கே அடிவாரத்தில் தொடங்கும் பாதை மேலே போய்ச் சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள் வளைகிறது. பத்து வளைவு வரையில் விரல் விட்டு எண்ணிக்கொண்டு வந்தோம். பிறகு விரல்களை இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் வேலைக்கு அனுப்பிவிட்டோம். நல்ல வேளையாக ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள்.

எழுபதையும் கடந்து மேலே சென்றால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. உச்சியை எதிர்பார்த்து வந்தவர்களின் கண்முன் வயல்கள் விரிகின்றன. மூவாயிரம், நாலாயிரம் அடி உயரத்தில் மேடும் பள்ளமுமாக ஒரு தனி நாடே கிடக்கிறது. பள்ளத்தில் நெல், மேட்டில் மரவள்ளி, சரிவெல்லாம் வெள்ளி ஓக் மரங்கள். அவற்றின்மேல் மிளகுக் கொடி, நிழலில் காப்பிச் செடி. அந்த நாட்டின் நடுவில், செம்மேட்டை அடுத்து இருப்பதுதான் வாசலூர்பட்டி.

ஊர் என்று சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. சில தெருக்கள், ஒரு சிறிய ஏரி, ஏரியில் உல்லாசப் படகுகள். விடுமுறை நாட்களில் நாமக்கல்லிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பங்கள் வந்து இறங்குகின்றன. குழந்தைகள் படகுக்கு அழுகின்றன. தாய்மார் அன்னாசிப் பழத்துக்குப் பேரம் பேசுகிறார்கள். தகப்பனார்கள் மலையில் காற்று நன்றாயிருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். மாலையானதும் வண்டிகள் இறங்கிப்போகின்றன. ஏரியும் ஊரும் பழைய அமைதிக்குத் திரும்புகின்றன.

படகு விடுவது இந்தக் காலத்துச் சமாசாரம். மலையின் கதையோ சங்க காலத்தில் ஆரம்பமாகிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் விட்ட ஓர் அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துக் கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது என்று வன்பரணர் பாடியிருக்கிறார். ஒரே அம்புக்கு இவ்வளவு வேலையா என்று வேட்டைக்காரர்கள் சந்தேகப்படலாம். நாம் புலவரோடு வழக்காடத் தயாராயில்லை. அந்த வில்லாளியை முள்ளூர் மன்னன் காரி போரில் கொன்று, மலையைச் சேரனுக்குக் கொடுத்துவிட்டான். வென்றவன் காரிதான், ஆயினும் செம்மேட்டில் சிலையாக நிற்பவன் ஓரி. ஆடி மாதம் 17, 18 தேதிகளில் சர்க்கார் எடுக்கும் விழாவும் தோற்றவன் பெயரால்தான் நடக்கிறது.

ஆடிப் பெருக்கன்று ஜனங்கள் திரளும் இன்னொரு இடம், வளப்பூர் நாட்டில் உள்ள அறப்பளீசுவரர் கோயில். அப்பர் தேவாரத்தில் கொல்லி அறைப்பள்ளி என்று குறிப்பிடப்படும் தலம் அது. கோயிலருகே மலையின் ஓடைகள் கூடி ஐயாறாகின்றன. சிறிது தூரம் போனதும் அந்த ஆறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஆகாய கங்கை அருவியாய் விழுகிறது. அதைக் காண ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்க வேண்டும். இறங்கியவர்கள் ஏறியும் ஆக வேண்டும் என்பதைப் பலர் கீழே போன பிறகுதான் நினைக்கிறார்கள். விழுந்த நீர் மலையில் தங்குவதில்லை. புளியஞ்சோலை வழியாகத் திருச்சி ஜில்லாவுக்குள் புகுந்து துறையூர்ப் பக்கம் ஓடிவிடுகிறது.

இங்கே வாழ்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிகள். கேரளத்தைத் தேட வேண்டாம்; இவர்கள் மலையை ஆள்கிறவர்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகியவற்றில் குடியேறினார்கள் என்பது இவர்கள் சொல்லும் வம்ச வரலாறு. ஊர்களை 'நாடு'களாகப் பிரித்துக்கொண்டார்கள். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, சேலூர் நாடு என்று இன்றைய பஞ்சாயத்துகளும் அந்தப் பெயர்களையே தாங்கி நிற்கின்றன.

வெள்ளைக்காரர்கள் இந்த மலையை அதிகம் நாடவில்லை. சேலம் கலெக்டர் காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலையில் காப்பி பயிரிடத் தொடங்கினார், ஏற்காடு வளர்ந்தது. கொல்லிமலைக்கோ மலைக்காய்ச்சல் என்ற காவல்காரன் இருந்தான். பங்களாக்களும் கிளப்பும் வராமற்போனதற்கு அந்தக் கொசுவுக்கு நன்றி சொல்வதா, பாதையும் ஆஸ்பத்திரியும் தாமதமானதற்கு அதைச் சபிப்பதா என்று நமக்குத் தெரியவில்லை.

மலையை அடியோடு மாற்றியது வேறொன்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது மலேயாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் ஜவ்வரிசி வருவது நின்றது. 1943-இல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும் அவருடைய கூட்டாளி போபட்லால் ஷாவும் மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்ய வழி கண்டார்கள். சேலம், ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கமெல்லாம் ஆலைகள் எழுந்தன. தென் அமெரிக்காவில் பிறந்த அந்தக் கிழங்கு 1970-களுக்குப் பிறகு கொல்லிமலைச் சரிவுகளில் வேகமாக ஏறிற்று. சாமையும் தினையும் கேழ்வரகும் இறங்கின. மல்லியச் சாமை, கட்டவெட்டிச் சாமை, செந்தினை, மூக்கான் தினை என்று தலைமுறை தலைமுறையாகக் காத்த விதைகள் பல குதிர்களிலிருந்து மறைந்தன.

நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு இதைக் கேட்டதும் கோபம் வருகிறது, நமக்கும் வந்தது. ஏரிக்கரையில் மிளகு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம், "இவ்வளவு நல்ல தானியத்தை ஏன் அம்மா விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டோம். அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார்.

"சாமை நல்லதுதாங்க. குத்துறது யாருங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதிலில்லை. சாமையின் உமி எளிதில் பிரிவதில்லை. விடியுமுன் எழுந்து உரலில் இட்டு, உலக்கை பிடித்துக் குத்திப் புடைத்து, மறுபடி குத்தியாக வேண்டும். அந்த வேலை முழுவதும் பெண்கள் தோளில் விழுந்தது. மரவள்ளிக்கு அந்தத் தொல்லை கிடையாது. பிடுங்கி லாரியில் ஏற்றினால் கையில் காசு. பள்ளிக்கூடச் செலவுக்கும் வைத்தியத்துக்கும் அந்தக் காசுதான். 2011 ஜூன் முதல் ரேஷன் கடையில் அரிசியும் இலவசமாகக் கிடைக்கிறது. பிறகு உலக்கையை யார் தேடுவார்கள்? ஆனால் ஜவ்வரிசி விலை சரிந்தால் கிழங்கின் விலையும் சரிகிறது. கிழங்கைத் தின்று எத்தனை நாள் இருப்பது? சரிவில் மரவள்ளி பிடுங்கிய இடத்து மண்ணையும் மழை கொண்டுபோகிறது.

1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இங்கே வந்து வேலை தொடங்கினார்கள். உபதேசம் மட்டும் செய்திருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்பது நம் அபிப்பிராயம். அவர்கள் ஊர்களில் விதைக் களஞ்சியங்கள் ஏற்படுத்தியதோடு, உமி நீக்கும் யந்திரங்களையும் கொண்டுவந்தார்கள். பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து சாமை அரிசியும் மாவும் கட்டி விற்கிறார்கள். 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியபோது பட்டணங்களில் சாமைக்கு மவுசு ஏறிற்று. ஆயினும் மலையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தால் இன்றும் கண்ணை நிறைப்பது மரவள்ளிதான்.

புறப்படும் நேரம் வந்தது. படகுகளைக் கரையில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மிளகு விற்ற அம்மாளின் கூடைக்கடியில் சாமை அரிசியும் இருந்தது. இரண்டு படி வாங்கினோம். அளந்து போட்டுவிட்டு மேலே ஒரு கை கொசுறும் போட்டார்.

"உங்கள் வீட்டில் சாமைச் சோறு உண்டா?" என்று கேட்டோம்.

"நோம்பி நாளில உண்டுங்க" என்று சொல்லிக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டார். "மத்த நாளு இதை வித்துட்டு ரேஷன் அரிசிதான்."