டேம்பர் மாற்றியதும் கேட்கும் சத்தம்

அமெரிக்காவின் டாட்ஜ் ராம் பிக்கப் வண்டிகளில் 1989 முதல் கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் இன்ஜின் வந்தது. இதே பி வரிசை இன்ஜின்தான் ஜாம்ஷெட்பூரில் டாடா லாரிகளுக்காகவும் தயாரானது. அமெரிக்காவில் டாட்ஜ் வண்டி வைத்திருப்பவர்களில் பலருக்குப் பவர் கூட்டாமல் இருப்புக் கொள்ளாது. கூட்டிய கையோடு கம்பெனி டேம்பரைக் கழற்றிவிட்டு, வெளியே விற்கும் சிலிகான் டேம்பரை மாட்டுகிறார்கள். ஸ்டார்ட் செய்தால் முன்பு கேட்காத ஒரு சத்தம். உடனே பழி புதுப் பொருளின் மேல்.

கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில் மாட்டும் இந்த டேம்பரின் வேலை என்ன? ஆறு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றுவதற்குள் மூன்று சிலிண்டர்களில் டீசல் எரிகிறது. ஒவ்வோர் அடிக்கும் ஷாஃப்ட் ஈரத்துணியைப் பிழிவதுபோல மிகச் சிறிதளவு முறுகி, மீண்டும் விரிகிறது. சில வேகங்களில் இந்த முறுக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் ஷாஃப்டே உடையலாம். கம்பெனி டேம்பரில் ஒரு ரப்பர் வளையம் அதை உள்வாங்கிக்கொள்கிறது. சிலிகான் டேம்பரில், மூடிய கூட்டுக்குள் கெட்டியான திரவத்தில் மிதக்கும் கனமான வளையம் அந்த வேலையைச் செய்கிறது. உள்ளே மோதிக்கொள்ள எதுவும் இல்லை. கூடு நசுங்காமல், திரவம் கசியாமல் இருக்கும் வரை அதன் உள்ளிருந்து சத்தம் வருவது அரிது என்பதே என் கணிப்பு. மாட்டும்போது சுத்தியலால் தட்டியிருந்தால் கதை வேறு. ஒரு சின்ன நசுங்கல் போதும், உள்வளையம் சிக்கிக்கொள்ளும்.

அதனால் முதலில், கை பட்ட இடங்களைப் பாருங்கள். போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம் சொல்லும் அளவுக்கே முறுக்க வேண்டும். டேம்பர் உட்காரும் முகத்தில் பெயின்ட்டோ துருவோ ஒட்டியிருந்தால் அது கோணலாக உட்கார்ந்து தள்ளாடும். டைமிங் கவரிலோ கிராங்க் சென்சாரிலோ உரசினால், உரசிய இடம் பளபளவென்று கோடு போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கவரைத் திரும்ப மாட்டியது சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது பெல்ட். இன்ஜினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றி, மறுபடி ஸ்டார்ட் செய்து, அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். வாட்டர் பம்ப் சுற்றாது, எனவே அதற்கு மேல் வேண்டாம். சத்தம் நின்றுவிட்டால் குற்றவாளி பெரும்பாலும் டென்ஷனர், ஆல்டர்நேட்டர், வாட்டர் பம்ப் இவற்றில் ஏதாவது ஒரு பேரிங். பழைய பெல்ட்டைக் கழற்றி மாட்டியதில் அது விழித்துக்கொண்டிருக்கும்.

பெல்ட் இல்லாமலும் கேட்கிறதா? இப்போது சத்தத்தின் தாளத்தை எண்ண வேண்டும். ஐட்லிங்கில் 800 ஆர்பிஎம் என்றால் கிராங்க்கோடு சுற்றும் பொருள் நொடிக்குச் சுமார் 13 முறை தட்டும். வால்வு, ஒற்றை இன்ஜெக்டர் போன்றவை அதில் பாதி, நொடிக்கு ஏழுக்கும் குறைவு. காதால் எண்ண முடியாது. செல்போனில் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்துக் கேட்டால் முடியும். பாதித் தாளம் என்றால் பெரும்பாலும் டேம்பரை விட்டுவிடலாம். காமன் ரெயில் இன்ஜின் என்றால், ஸ்கேன் கருவியால் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்த்தால் எந்த இன்ஜெக்டர் என்று தெரியும். பழைய மெக்கானிக்குகள் இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்திப் பார்ப்பார்கள். 2003 முதல் வந்த காமன் ரெயில் இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. 1600 பார் வரை போகும் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையே எடுக்க வேண்டி வரலாம்.

பழைய 12 வால்வு இன்ஜின் என்றால் இன்னொரு சந்தேகமும் உண்டு. முன்பக்கக் கியர் கேஸை நிலைநிறுத்தும் ஒரு சிறிய எஃகுப் பின், அதிர்வில் மெல்ல மெல்ல வெளியே நகரும். கியர்களுக்கு நடுவே அது விழுந்தால் கியர் கேஸே உடையலாம். அமெரிக்காவில் இதற்கு ‘கொலைகார பின்’ என்றே பெயர். டேம்பரைக் கழற்றிய நேரத்தில் கவரையும் திறந்து, அந்தப் பின்னை ஒரு தகடு வைத்து அடைத்திருந்தால் நல்லது. செய்யவில்லையென்றால், முன்பக்கத்தில் புதிதாக டிக் டிக் கேட்கும்போது வண்டியை ஓட்டாதீர்கள்.

கிராங்க்கோடு ஒத்துப்போகும் தாளம் என்றாலும் முன்பக்கம்தான் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியில் பின்முனையில் இருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட் விரிசல் விட்டாலும் அதே கதியில் தட்டும்; சத்தம் இரும்பு வழியே முன்னால் வந்து காதை ஏமாற்றும். சந்தேகம் தீராவிட்டால் பழைய டேம்பரையே திரும்ப மாட்டிப் பார்க்கலாம். டேம்பரே இல்லாமல் ஓட்டிப் பார்ப்பது மட்டும் கூடாது. மாட்டும் முன் பழையதில் நடுப்பகுதியிலும் வெளிவளையத்திலும் இருக்கும் கோடுகள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் அதன் ரப்பர் வழுக்கிவிட்டது. அதை வைத்து எதையும் சோதிக்க முடியாது.