இயந்திரத்துக்கு எதற்கு மனித முகம்?

அலுவலக உரையாடல் செயலிகளில் சக ஊழியர்களின் வரிசையிலேயே உதவி 'பாட்' ஒன்றும் இப்போது இடம்பிடித்திருக்கிறது. அதற்கான அடையாளத்தை வடிவமைப்போர் பெரும்பாலும் இலச்சினையிலிருந்து தொடங்குகிறார்கள். நடத்தையிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

மைக்ரோசாஃப்டின் 'கிளிப்பி' பலருக்கு நினைவிருக்கும். ஆஃபிஸ் 97 மென்பொருளில் வந்த அந்தக் காகிதக் கவ்விக்குக் கண்களும் புருவங்களும் உண்டு, அழகில் குறையில்லை. ஆனால், நாம் கடிதம் எழுதத் தொடங்கியதுமே, உதவட்டுமா என்று அழையாமல் வந்து நிற்கும். விரட்டினாலும் மீண்டும் வரும். 2001 பதிப்பில் அது தானாகத் தோன்றாதபடி முடக்கப்பட்டது. 2007 பதிப்பில் நீக்கப்பட்டது. இன்றுவரை அதன் அடையாளமாக நிலைத்திருப்பது அந்தத் தொல்லைதான்.

ஸ்லாக் செயலியின் உதவியாளருக்கு 'ஸ்லாக்பாட்' என்றே பெயர். இயந்திரம் என்பதை மறைக்காத அந்தப் பெயரை மெச்சுகிறேன். உரையாடல் பட்டியலில் தெரிவது நகத்தளவு படம் மட்டுமே. அங்கே பெண் பெயரும் சிரித்த முகமும் இருந்தால் (ஏவலுக்குப் பெண் என்ற பழைய புத்தி வேறு), புதிதாகச் சேர்ந்த ஊழியர் மேலாளர் மீதான மனக்குறையைத் தோழியிடம் சொல்வதுபோல் எழுதிவிடக்கூடும். அதுவோ நிறுவனத்தின் கணினியில் பதிவாகிவிடும். மனிதர்களின் படங்கள் வட்டம் என்றால் இதற்குச் சதுரம்; பெயரருகே 'செயலி' என்ற குறி; தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மொழிநடை. வண்ணங்களைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இவை முடிவாகிவிட வேண்டும்.