கூழும் டைனமோவும்

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாயிற்று. ஏறிய வேகம் பின்னர் தணிந்தது. விலைகள் பழைய இடத்துக்கு வரவில்லை. நாமோ வேலியில் முருங்கை நிற்கச் சந்தையில் கீரை வாங்குகிறோம்.

பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். இடித்த மாவைத் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்த பின்னரே சமைக்கவேண்டும். கசப்பு அந்த நீரோடு போகும். இதில் அவசரம் கூடாது. கூழுக்குள் பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை, மலிவாய்க் கிடைத்த மீன் எல்லாம் சேரும். ஒரே பானையில் வீடு முழுதும் பசியாறும்.

பொழுதுபோக்கு? 1990களில் மின்சாரமில்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோ சுழற்றி வானொலி கேட்டோம். ஒருவர் பெடலைச் சுற்ற, அயலெல்லாம் கூடியிருந்து கேட்டது. இன்று வீட்டுக்கு நாலு கைத்தொலைபேசி. ரீலோட்டுக்குப் போவதையும் அரிசிக்குப் போவதையும் இம்மாதம் ஒரே கொப்பியில் எழுதிப் பார்ப்போம்.