வாடிய செடிக்கு இன்னும் தண்ணீரா?

மும்பையின் செம்பூரிலோ சயானிலோ ஓர் அறை வீட்டில் வாழ்கிற உங்களுக்குத் தோட்டம் ஏது? ஜன்னல் கம்பியில் படரும் மணிபிளாண்டும், ஊரிலிருந்து அம்மா ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பிய கற்பூரவல்லியும்தான் தோட்டம். பிள்ளைக்குச் சளி பிடித்தால் அந்த இலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அது வாடினால் நம் மனமும் வாடுகிறது. உடனே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுகிறோம். அநேகச் செடிகளை நாம் இப்படித்தான் கொல்லுகிறோம்.

வேர்களும் சுவாசிக்கின்றன. மண்துகள்களின் இடைவெளிகளில் உள்ள காற்றிலிருந்தே அவை பிராணவாயுவைப் பெறுகின்றன. அவ்விடைவெளிகளில் எந்நேரமும் நீர் நின்றால் வேர் மூச்சடைத்து அழுகும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆதலால் மண் சேறாயிருந்தும் இலை தாகத்தால் வாடியதுபோல் தொங்கும். நாமோ மறுபடியும் ஊற்றுகிறோம்!

இலையைப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். மண்ணுக்குள் விரலை 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். கற்பூரவல்லி தன் தடித்த இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்து வைக்கும் செடி. மண் நன்றாக உலர்ந்தபின் ஊற்றினால் போதும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, காற்றே நனைந்திருக்கும் மும்பையில், வாரம் ஒருமுறைகூட அதிகமாகிவிடலாம். தொட்டியின் அடியில் துவாரம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அழகிய பீங்கான் தொட்டிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. விற்பவரும் அதைச் சொல்வதில்லை.

அழுகல் தொடங்கிவிட்டதா? செடியைத் தூக்கி எறிய அவசரப்படாதீர்கள். கறுத்துக் குழைந்த பகுதிக்கு மேலே, உறுதியான பசுந்தண்டாக ஐந்தாறு அங்குலம் நறுக்குங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மணல் கலந்த புது மண்ணில் ஊன்றி, வெளிச்சமுள்ள ஜன்னலோரம் வையுங்கள். சில வாரங்களில் வேர்விடும். அம்மா கொடுத்த அதே செடிதான் அது.

தொட்டியின் கீழ்த்தட்டில் தேங்கும் நீரையும், மணிபிளாண்ட் நிற்கும் புட்டியின் நீரையும் வாரந்தோறும் கொட்டிவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய நீரில்தான் பெருகுகிறது. முட்டை கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாட்களே ஆகும். முட்டைகள் பாத்திரத்தின் உட்புறத்தில் ஒட்டியிருக்குமாதலால், நீரை மாற்றினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவவேண்டும்.

மே விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது, சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து, “தினமும் தண்ணீர் ஊற்றுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். விரலால் தொட்டுப் பார்க்கும் முறையை அவருக்கும் காட்டிக்கொடுங்கள். தட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரயிலேறுங்கள்.